மணியார்டர் கூப்பனில் ஒரு போர்க்கைதி

சேலம் ஜில்லாவில் எங்கள் மேச்சேரி வட்டாரத்தில் பழைய பட்டாளத்துக்காரர் வீட்டுக்குக் காகிதம் தேடிப் போனால் நான் முதலில் பார்ப்பது அடுப்பங்கரைப் பரண். அடுத்து, நெல் மூட்டைக்கு அடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டி. பிறகு சாமி படங்களின் பின்பக்கம். கிரயப் பத்திரம், பட்டா, ஜாதகம் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைக்கும் குடும்பங்கள்கூடப் பட்டாளத்துக் காகிதத்தை அப்படி வைப்பதில்லை. அதை வைத்து இனி ஒரு காரியமும் ஆகாது என்று நினைக்கிறார்கள். எறியவும் மனசு வராது. அதனால் பரணுக்கு ஏறிவிடும்.

பரணில் அதற்கு ஒரு நன்மை இருந்தது. விறகடுப்புப் புகை ஏறிய இடத்தில் கரையானும் இராமபாணப் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. ஏடு வைத்திருந்த வீடுகள் இதைத் தெரிந்துதான் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டன. ஆனால் புகை படிந்த காகிதம் பழுப்பேறி மடிப்பில் முறியும். காஸ் அடுப்பு வந்ததும் புகை நின்றது, பூச்சி வந்தது. ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு வீடு கட்டியபோது பரணே போயிற்று. பரணிலிருந்து இறங்கிய மூட்டை நேராகப் போகித் தீக்குப் போனது. எங்கள் பக்கத்துப் போர்க்கைதிகளின் ஆவணங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது அந்தத் தீதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவன். 1909-ல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் மைதாப் பசை காய்ச்சுவதும், பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதும், நொறுங்கும் தாளின் இருபுறமும் சிஃபான் துணி ஒட்டுவதும் என் வேலை. கோப்பைப் படிப்பது வேலையில் சேராது. ஆனாலும் கண் படிக்கும். போயர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து திருச்சியிலும் நீலகிரியில் கேத்தியிலும் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதை அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன். தென்னாப்பிரிக்காவில் யாரோ ஒருவருடைய தாத்தாவைப் பற்றிய காகிதம் நம் ஊரில் இருக்கிறது என்றால், நம் ஊர்த் தாத்தாக்களைப் பற்றிய காகிதம் எந்த ஊரில் இருக்கும் என்ற கேள்வி அப்போதே மனசில் ஒட்டிக்கொண்டது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபின் அதுவே முழுநேர வேலையாகிவிட்டது.

முதல் உலகப்போரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. 1914 ஆகஸ்டில், போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கென்று ஒரு முகமையைத் திறந்தது. அதை நடத்தியவர் குஸ்தாவ் அதோர். உட்கார்ந்து எழுதியவர்கள் தொண்டர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வரலாறுகளை எழுதியதால் நமக்குத் தெரிந்த ரொமேன் ரோலந்தும் அங்கே தொண்டு செய்தார். ஒவ்வொரு நாடும் தான் பிடித்த கைதிகளின் பட்டியலை அனுப்பும். வீட்டார் ‘எங்கள் ஆள் எங்கே’ என்று எழுதுவார்கள். பட்டியலில் உள்ள பேருக்கு ஒரு அட்டை, கேள்வியில் உள்ள பேருக்கு ஒரு அட்டை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். இப்படி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் விவரம் சேர்ந்தது. யுனெஸ்கோ 2007-ல் இந்த அட்டைத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2014 முதல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

அந்தப் போரில் 1916 ஏப்ரல் 29 அன்று மெசபொடேமியாவில் கூட் என்ற ஊரில் மட்டும் பிரிட்டிஷாரும் இந்தியருமாகச் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் இந்தியக் கைதிகளுக்கென்று முகாம் இருந்தது. ஜெர்மன் மொழியறிஞர்கள் அங்கே கைதிகளைப் பேசவும் பாடவும் வைத்துத் தட்டுகளில் பதிவு செய்தார்கள். அந்தக் குரல்கள் இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே இறந்தவர்களுக்குப் பக்கத்திலேயே செஹ்ரன்ஸ்டார்ஃபில் கல்லறைத் தோட்டம், 206 இந்தியர் பேரோடு.

இரண்டாம் போரில் ஐரோப்பாவில் பிடிபட்டவர்களுக்கும் காகிதம் உண்டு. ஜெர்மானியர் எழுதிய கைதி அட்டைகள் லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. போட்டோ, உயரம், கைரேகை, அம்மா பேர்கூட இருக்கும். எனக்கு வேலை வைத்தது மற்றொரு திசை. சேலம் சமவெளியிலிருந்து சாப்பர்ஸ் படைக்கும், சப்ளைக்கும், ஆஸ்பத்திரிக்கும், சமையலுக்கும் என்று போன பலர் சிங்கப்பூர் கப்பலில் ஏறியவர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது சரணடைந்த சுமார் 85,000 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர்.

ஜப்பானியர் அட்டை எழுதாதவர்கள் இல்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதி அட்டைகள் கியூவில் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்களை அதில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், சேலம் ஜில்லாக்காரர் ஒருவர்கூட எனக்கு அகப்படவில்லை. காரணம் பிற்பாடு நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் வெளிவந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்தவர்களை ஜப்பானியர் ‘தனி உழைப்புப் படை’ என்று பிரித்து நியூ கினிக்கும் ராபவுலுக்கும் கப்பலேற்றினார்கள். அங்கே அவர்களைப் பட்டினி போட்டதற்கும் கொன்றதற்கும் வழக்கு வந்தபோது, ‘இவர்கள் கைதிகளே இல்லை, எங்கள் படைக்கு உதவியாக வந்தவர்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதாடியது. கைதி இல்லை என்று வைத்துக்கொண்டால் கைதிக்குரிய அட்டையும் வேண்டாம், ஜெனீவாவுக்குப் பட்டியலும் வேண்டாம். போதாக்குறைக்கு, 1945 ஆகஸ்ட் 20 அன்று, ஜப்பான் சரணடைந்து ஐந்தாம் நாள், தங்களுக்குப் பாதகமான காகிதங்களை அழித்துவிடும்படி டோக்கியோவிலிருந்து கைதி முகாம்களுக்குத் தந்தி போயிற்று.

நியூ கினியில் வீவாக் பக்கம் கொண்டுபோன சுமார் 3,000 இந்தியரில் பிழைத்தவர் இருநூறு பேர் அளவில்தான். அவர்களில் ஒருவரான சிந்த் சிங் என்ற ஜமேதார் ஆஸ்திரேலியர் நடத்திய விசாரணைகளில் சாட்சி சொன்னார். அவரோடு மீண்ட பத்துப் பேர் ஊர் திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேர் மனசில் இருந்ததும் அவர்களோடேயே போயிற்று. ஒரு மனிதருடைய வாய்ச்சொல்லில் அத்தனை பேருடைய சாவு தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் படபடப்பாக இருக்கும்.

அலுவலகம் எழுதாமல் விட்டதையும் எரித்ததையும் வீட்டுக் காகிதத்திலிருந்துதான் திரும்பக் கட்டவேண்டும். என் வேலையின் சாரமே அதுதான்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். மேச்சேரிக்கு மேற்கே, ஆட்டுப்பட்டி ஒட்டிய வீடு. மூதாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா கப்பலேறியவர். “எங்கப்பன் மொகமே எனக்குத் தெரியாது கண்ணு. மாசாமாசம் தபால்காரரு வருவாரு, கைநாட்டு வெப்பேன்னு எங்கம்மா சொல்லும். அதெல்லாம் கம்பியில குத்தி வெச்சிருந்துச்சு” என்றார். பேரன் பரணில் ஏறி எடுத்துவந்தார். கடிதமும் ரசீதும் குத்தி வைக்கிற வளைந்த கம்பி, அடியில் வட்டமான மரக்கட்டை. அதில் நெருக்கமாகக் குத்திய மணியார்டர் கூப்பன்கள்.

எனக்கு அது பொக்கிஷம். கம்பியில் குத்தின காகிதம் வந்த வரிசையிலேயே இருக்கும், அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. காப்பகத்தில் மூல வரிசையைக் கலைக்காதே என்று முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அம்மாள் எழுத்தறியாதவர், அதைத் தானாகவே செய்திருக்கிறார். பேரன் கூப்பன்களை மேலே உருவப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். துருப்பிடித்த கம்பி வழியாக இழுத்தால் ஒவ்வொரு தாளிலும் ஓட்டை கிழிந்து பெரிதாகும். கட்டைக்குச் சற்று மேலே கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, துரு இல்லாத பக்கமாக ஒவ்வொன்றாகக் கழற்றி, எடுத்த கையோடு பின்புற மூலையில் மென்மையான பென்சிலால் எண் போட்டேன். பேனா, பால்பாயிண்ட் ஆகாது.

அடுத்தது ஈரம். மடிந்து விறைத்த தாளை நாங்கள் ஈரக்காற்றில் வைத்து இளக்குவது வழக்கம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம் வைத்து, மேலே வலைத்தட்டில் தாளைப் பரப்பிவிட்டால் சில மணி நேரத்தில் மடிப்பு இளகிவிடும். ஆனால் போர்க்காலத்துக் காகிதத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் தபால் ஆபீஸிலும் பட்டாளத்திலும் காப்பியிங் பென்சிலால் எழுதுவார்கள். காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். ஈரம் பட்ட கணத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஊறிப் பரவும். கடிதமே ஊதா மேகமாகிவிடும். எழுத்தின் ஓரத்தில், கண்ணுக்குப் படாத ஒரு புள்ளியில், நனைத்துப் பிழிந்த பஞ்சின் நுனியை வைத்துப் பார்த்தேன். ஊதா வந்தது. டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். உலர்ந்த பிளாட்டிங் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடியும் கனமும் ஏற்றிப் பல வாரம் பொறுத்தோம்.

மடிப்பு விரிந்தபின் படித்தபோது ஒவ்வொரு கூப்பனிலும் மேச்சேரித் தபால் முத்திரைத் தேதி, தொகை, அனுப்பிய கணக்கு அலுவலகம், அதன் கீழே பட்டாளத்து எண். சிங்கப்பூர் விழுந்த பிறகும் பணம் நிற்கவில்லை. காணாமல் போனவரின் குடும்பத்துக்கு வழக்கமான அலாட்மெண்ட் தொடர்ந்திருக்கிறது. போர் முடிந்து சில மாதங்களில் தொகை மாறுகிறது, எண்ணுக்கு முன்னால் புது எழுத்துகள் வருகின்றன. சம்பளப் பங்கு குடும்பப் பென்ஷனாக மாறிய இடம் அது. ‘இவர் இறந்துவிட்டார்’ என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட மாதத்தைச் சொல்ல அந்த வீட்டில் வேறு காகிதமே இல்லை.

பேரை வைத்துத் தேடினால் ஆயுசு போதாது. ராமசாமி என்ற பேரை ஆங்கிலத்தில் எழுத்தர்கள் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். எண் மாறாது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் எண்ணைப் போட்டுத் தேடினோம். ஆள் கிடைத்தார். கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பேர்கள் பொறித்திருக்கின்றன. உடல் கிடைக்காதவர்களின் பேர்கள் அவை. அவற்றுள் அவருடையதும் ஒன்று. தேதி 15-2-1942.

இந்தத் தேதியில் நான் எப்போதும் குடும்பத்தாரை நிறுத்தி வைப்பேன். சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் பல இந்தியருக்கு அதே தேதிதான் இருக்கிறது. அத்தனை பேரும் அன்றைக்கே செத்ததாக அதற்குப் பொருளில்லை. கணக்கில் கடைசியாக இருந்த நாள் அது. அதன் பிறகு அவர் நியூ கினியில் இருந்தாரா, முகாமில் இருந்தாரா, தேசிய ராணுவத்தில் சேர்ந்தாரா, தூண் சொல்லாது. இதை அந்த அம்மாளிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் கேட்டது வேறு. “அன்னைக்கு என்ன நாளு கண்ணு?” பஞ்சாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விஷு வருஷம், மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை. சீனர்களுக்கு அன்று வருஷப் பிறப்பு என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொல்வதும் அதனால்தான். திதி தெரியாததால் இத்தனை காலமும் ஆடி அமாவாசைக்கு மேட்டூர் போய் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணியும் இறைத்துவந்த குடும்பம் அது. “அமாவாசைலதான் அப்பன் கணக்குலருந்து போயிருக்குது. அப்ப நாங்க குடுத்தது வீண் போவல” என்றார். நான் அதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை.

காகிதத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம் சொல்லவேண்டும். போர்க்காலத்து ஜில்லா எல்லை இன்றைய எல்லை இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அன்று சேலம் ஜில்லா. தர்மபுரி பிரிந்தது 1965-ல், நாமக்கல் 1997-ல். மேச்சேரிக்காரருக்கு ஓமலூர் தாலுகா என்று இருக்கும். ஊர்ப்பேர் மெச்சேரி, மேச்சரி, மெட்சேரி என்று எப்படியும் இருக்கும். ஓமலூர் என்பதைப் பிடித்துக்கொண்டு, தகப்பன் பேரைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். பதக்கம் வீட்டில் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இந்தியருக்குக் கொடுத்த பலவற்றில் எண்ணும் பேரும் படையும் பொறித்திருக்கும். புளி போட்டு விளக்கி அந்த எழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

தேசிய ராணுவத்துக்குப் போனவர்கள் பாடு தனி. போருக்குப் பின் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவருக்குச் சம்பளப் பாக்கி போயிற்று, படைப்பதிவில் நல்ல பேரும் போயிற்று. பாதுகாப்பு அமைச்சகம் வைத்திருந்த 990 தேசிய ராணுவக் கோப்புகள் 1997-ல்தான் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அதைவிட எனக்கு அதிகம் உதவியது தியாகிகள் பென்ஷன் விண்ணப்பங்கள். 1972-ல் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது சிறைச்சான்று இல்லாதவர்கள் சக கைதியிடம் சான்று வாங்கித் தரவேண்டியிருந்தது. ஒருவர் இன்னொருவருக்காக எழுதிய அந்த அரைப்பக்கத்தில் எந்த முகாம், எந்த மாதம், கூட யார் என்பதெல்லாம் தமிழிலேயே வந்துவிடும். கார்பன் நகல் வீட்டில் கிடக்கும். குடும்பத்தார் அதைப் பென்ஷன் காகிதம் என்று மட்டும் நினைத்திருப்பார்கள்.

என்னைக் கோபப்படுத்துவது லேமினேஷன். பாசத்தோடு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கோபம் வரும். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைக் கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் வைத்துச் சூட்டில் அழுத்தி வாங்கிவருவார்கள். அதன் பிறகு என்னாலும் பிரிக்க முடியாது, யாராலும் முடியாது. உள்ளேயே அமிலம் ஊறித் தாள் கருகும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் பத்து வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூத் தாளும் கோதுமைக் கஞ்சிப் பசையும் போதும், தேவைப்பட்டால் தண்ணீர் விட்டு எடுத்துவிடலாம். அதுவும் முடியாதவர்கள் ஒன்றுமே செய்யவேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை மட்டும் எடுத்துவிட்டு, மடிக்காமல், வெள்ளைத் தாளுறையில் வைத்து, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். செல்போனில் இருபக்கமும் படமெடுங்கள். வெறுமையாகத் தெரியும் பின்பக்கத்தில்தான் சென்சார் முத்திரை இருக்கும்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாளத்துக் குடும்பத்தார் இல்லை. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள். சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி வழியே போனவர்கள் ஏராளம். அவர்களைத்தான் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அங்கே வேலை செய்த அறுபதாயிரம் வெள்ளைக்காரக் கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பேர் இருக்கிறது. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, செத்தவர்களும் பல மடங்கு. அவர்களுக்குப் பட்டியல் இல்லை. எண் இல்லை, ஆகவே தேட வழியும் இல்லை. ‘உங்கள் தாத்தாவுக்கு அட்டை கிடையாது’ என்று அவர்களிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். தோட்டத்திலிருந்து வந்த கடைசிக் கடிதம், போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை, கூடப் போய்த் திரும்பிய ஊர்க்காரர் சொன்னது என்று இருப்பதையெல்லாம் எழுதி வாங்கி வைக்கிறேன். இழப்பீடு கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. 1952-ல் ஜப்பானோடு தனியாக அமைதி ஒப்பந்தம் செய்தபோதே இந்தியா நஷ்டஈட்டுக் கோரிக்கையை விட்டுக்கொடுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். மேச்சேரிச் சந்தையில் கிழவிகள் யாரும் அவர்களிடம் சம்மதம் சொல்லவில்லை.

இப்போது கையில் இருப்பது நங்கவள்ளிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வேலை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலிக்குப் போனவர், அங்கிருந்து ஒரு கைதி அஞ்சலட்டை மட்டும் வந்திருக்கிறது. இரண்டாம் போர் அட்டைகளை ஜெனீவா இணையத்தில் திறந்து வைக்கவில்லை. வருஷத்தில் சில தடவைதான் விண்ணப்பம் வாங்குவார்கள், வாங்குகிற எண்ணிக்கையும் குறைவு, திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். அதனால் முன்கூட்டியே எல்லாம் எழுதித் தயாராக வைத்திருக்கிறோம். அஞ்சலட்டையில் உள்ள முகாம் எண், பட்டாளத்து எண், தகப்பன் பேர் நாலு எழுத்துக்கூட்டலில், தாலுகா ஓமலூர், ஜில்லா சேலம். பிறந்த தேதி தெரியாது. வீட்டார் சொன்ன கணக்குப்படி வருஷம் மட்டும் போட்டு, உத்தேசம் என்று எழுதியிருக்கிறோம்.